பல்கலைக்கழகம் பக்கத்தில் வந்துவிட்டது. நாம் எப்போது புறப்படுவோம்?



ஒரு காலத்தில் நம் காவிரிப் பகுதி மக்களுக்குப் பல்கலைக்கழகம் என்றால் சென்னை. அதை விட்டால் 1929இல் தோன்றிய சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். இன்று நிலைமை வேறு. 1981இல் தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம், 1982இல் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம், 2009இல் திருவாரூரில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், 2012இல் நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் என அரசின் உயர்கல்வி நிலையங்கள் நம்மைச் சுற்றி எழுந்துள்ளன. 2013இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் மாநில அரசின் பொறுப்புக்கு வந்தது. மயிலாடுதுறையில் ரயில் ஏறினால் வடக்கே சிதம்பரமும் தெற்கே திருவாரூரும் நாற்பது கிலோமீட்டருக்குள்தான்.

பெண்பிள்ளைகளை வெகுதூரம் அனுப்பத் தயங்கிய பெற்றோருக்குத் தூரம் இனி ஒரு காரணமாகாது. ஆயினும் பள்ளிப் படிப்பு முடிந்ததும் மகனைச் சபருக்கு அனுப்புவதும், மகளுக்கு வரன் பார்ப்பதும் நம் ஊர்களில் இன்னும் முற்றாக மறையவில்லை.

படிக்க வைக்கும் ஆர்வமுள்ள வீடுகளும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. பிளஸ் டூ முடிவு வந்த பிறகே மேற்படிப்பைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம். மத்தியப் பல்கலைக்கழகமோ 2022 முதல் ‘கியூட்’ எனும் பொது நுழைவுத் தேர்வைக் கொண்டே இளநிலை வகுப்புகளுக்கு முதன்மையாக மாணவரைச் சேர்க்கிறது. அதற்கு விண்ணப்பிக்கும் காலம், அண்மை ஆண்டுகளில், பிளஸ் டூ முடிவு வெளிவரும் முன்பே முடிந்துவிடுகிறது. முடிவு கையில் வந்து நாம் கதவைத் தட்டும்போது அது அடைபட்டிருக்கிறது.

சான்றிதழிலும் இதே நிலைதான். மாநிலக் கல்வி நிலையங்களில் நமக்கு 2007 முதல் 3.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. மத்திய நிறுவனங்களில் அது செல்லாது. அங்கே பிற பிற்படுத்தப்பட்டோருக்கான 27 சதவீதமே வழி. அதற்கு வீட்டிலிருக்கும் சாதிச் சான்றிதழ் போதாது. மத்திய அரசின் படிவத்தில் தனியே ஓ.பி.சி. சான்றிதழ் பெற வேண்டும்.

நிக்காஹ் தஃப்தரையும் சந்தாக் கணக்கையும் ஒழுங்காகப் பராமரிக்கும் நம் ஜமாஅத்துகளுக்கு, மஹல்லாவில் பிளஸ் டூ பயிலும் பிள்ளைகளின் பட்டியல் ஒன்று பெருஞ்சுமையன்று. விண்ணப்பக் காலம் தொடங்கியதும் ஜும்ஆவுக்குப் பின் ஓர் அறிவிப்பு, விண்ணப்பத்தை நிரப்பித்தர பட்டம் பெற்ற இளைஞர் இருவர், தாலுகா அலுவலகத்துக்கு உடன்சென்று வர ஒருவர்: இவ்வளவே தேவை.

அரசு பல்கலைக்கழகத்தை நம் ஊர்ப்பக்கம் கொண்டு வந்திருக்கிறது. உரிய நாளில் பிள்ளைகளை அங்கே கொண்டு சேர்ப்பது நம் பொறுப்பு. வரும் விண்ணப்பக் காலத்திலேயே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.