கோமானுக்கும் கூலிக்காரிக்கும் ஒரே கட்டணமா?

பிரிட்டனிலே மாளிகையில் வாழும் கோமான் ஒருவன், அறைக்கொன்றாகப் பத்துத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வைத்திருக்கலாம். ஒரே அறையில் இரு குழந்தைகளோடு ஒண்டியிருக்கும் துப்புரவுத் தொழிலாளி ஒருத்தி, பழைய பெட்டி ஒன்றை வைத்திருக்கலாம். வண்ணப் பெட்டியாயின் இருவர் வீட்டுக்கும் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் ஒன்றே! 2025 ஏப்ரலில் அது 174 பவுண்டு 50 பென்சாக உயர்ந்தது. கோமானுக்கு அது ஒரு வேளை விருந்தின் விலை. கூலிக்காரிக்கோ பல வாரத்து அடுப்புச் செலவு. அவன் மறந்தாலும் அவனுடைய வங்கி மறவாமல் செலுத்திவிடும். அவள் தவறினாலோ வழக்குமன்றம் அழைக்கும். இதற்குப் பொதுமை என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஏற்றத்தாழ்வு நிறைந்த நாட்டில் எல்லோர் தலையிலும் ஒரே எடையை ஏற்றுவது பொதுமையா? மெலிந்தவன் முதுகை ஒடிக்கும் கொடுமையன்றோ!

இந்தக் கட்டணம் நேற்று முளைத்ததன்று. வானொலி வைத்திருப்போர் ஆண்டுக்குப் பத்துச் சில்லிங் செலுத்தி உரிமம் பெறவேண்டும் என்று 1922 நவம்பரில் விதித்தனர். 1927இல் பி.பி.சி. அரச சாசனம் பெற்ற கழகமாயிற்று. 1946 சூனில் தொலைக்காட்சிக்கு இரண்டு பவுண்டு உரிமம் பிறந்தது. 1968இல் வண்ணத்துக்குக் கூடுதல் கட்டணம் வந்தது. 1971இல் வானொலிக்கான தனி உரிமம் ஒழிந்தது. தொடக்க நாளில் தொலைக்காட்சி என்பது செல்வர் வீட்டுக் கூடத்தின் அணிகலன். பெட்டி வைத்திருப்பவன் வசதி படைத்தவன்; ஆகவே பெட்டியின்மீது வரி போட்டால் அது வசதியின்மீது விழும். அன்று அதில் ஓரளவு நியாயம் இருந்தது. இன்று பெட்டி இல்லாத குடிசையும் இல்லை, மாளிகையும் இல்லை. நியாயம் போய்விட்டது, நிபந்தனை மட்டும் நிற்கிறது. உயிர் போன பின்னும் உடலைக் கட்டிலில் கிடத்தி உபசாரம் செய்கிறார்கள்!

இது விலையா, வரியா என்று கேட்டுப் பார்ப்போம்.

விலை என்றால் வேண்டியவன் வாங்குவான், வேண்டாதவன் விலகுவான். இங்கோ பி.பி.சி.யை ஏறெடுத்தும் பாராமல், விளம்பர வருவாயில் நடக்கும் வேறொரு நிலையத்தை நேரலையில் பார்த்தாலும் உரிமம் வேண்டும். இலண்டனில் குடியேறிய தமிழ்க் குடும்பம், சென்னையிலிருந்து வரும் சன் தொலைக்காட்சியை நேரலையில் பார்ப்பதற்கும் அதே உரிமம் வேண்டும். இணையத்தின் வழியே வரும் தொலைக்காட்சி நேரலைக்கும் விலக்கில்லை. பக்கத்துக் கடையில் கத்திரிக்காய் வாங்கியவனை மறித்து, "இந்தக் கடைக்கும் பணம் வைத்துவிட்டுப் போ" என்று கேட்கும் வணிகம் உலகில் வேறெங்கேனும் உண்டா? ஆகவே இது விலையன்று.

சரி, வரிதான் என்போம். 2006இல் பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகமே இதை வரி என்று வகைப்படுத்திவிட்டது. வரி என்றால் வலுவுக்கேற்ப வாங்கவேண்டாமா? வருமானத்துக்குத் தக்கபடி வருமான வரி வாங்கும் அந்நாடு, தொலைக்காட்சி என்றவுடன் தராசைத் தூக்கி எறிந்துவிட்டுத் தலையை எண்ணத் தொடங்குவானேன்? கொடுக்க வழியில்லை என்று ஏழை சொன்னால், "இது நீ பெறும் சேவைக்கு விலை" என்கிறார்கள். எனக்கு அந்தச் சேவை வேண்டாம், வேறு நிலையம் போதும் என்றால், "இது வரி, கட்டியே தீரவேண்டும்" என்கிறார்கள். விலைக்குரிய உரிமையும் இல்லை, வரிக்குரிய நீதியும் இல்லை. இரண்டிலும் உள்ள கசப்பை மட்டும் பிழிந்தெடுத்துக் குடி என்கிறார்கள்!

தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் வரியின் வரலாற்றை இங்கிலாந்துக்கு நாமா எடுத்துச் சொல்லவேண்டும்? 1381இல் வாட் டைலர் தலைமையில் உழவர்கள் கிளர்ந்தெழுந்து இலண்டனுக்குள் புகுந்தது அத்தகைய வரியால் அன்றோ! அறுநூறு ஆண்டு கழித்து, மார்கரெட் தாட்சர் அம்மையார் அதே தலைவரியைப் புதுச் சட்டை மாட்டிக் கொண்டுவந்தார். 1990 மார்ச் 31இல் இலண்டன் டிரபால்கர் சதுக்கம் கொந்தளித்தது. அந்த ஆண்டு நவம்பரில் அம்மையார் பதவி துறந்தார். 1993இல் அந்த வரியும் போயிற்று. தெருவிலே தலைவரியைத் துரத்திய மக்கள், அதன் தம்பியை வீட்டுக் கூடத்திலே விட்டுவைத்திருக்கிறார்கள்.

"சலுகைகள் உண்டே" என்பர். உண்டு, பாருங்கள். பார்வை இழந்தோர்க்குப் பாதிக் கட்டணம். கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருப்போர்க்கு மூன்றில் ஒரு பங்கு. 75 வயது கடந்தோர்க்கு 2000 முதல் கட்டணமே இல்லாதிருந்தது. அந்தச் செலவை அரசு ஏற்றிருந்தது. 2015இல் அரசு அந்தச் சுமையைப் பி.பி.சி.யின் தோளுக்கு மாற்ற முடிவு செய்தது. 2020 ஆகஸ்டு முதல், வறிய முதியோர்க்கான உதவித்தொகை பெறுவோர் வீடுகளுக்கு மட்டுமே அந்த விலக்கு என்றாயிற்று. உழைக்கும் வயதில் உள்ள ஏழைக்கோ ஏழை என்பதற்காக ஒரு பென்சும் குறையாது. வண்ணத்தைத் துறந்தால் சலுகை உண்டு. வறுமையில் வாடினால் சலுகை இல்லை! எவ்வளவு விந்தையான இரக்கம்!

கட்டணத்தைவிடக் கொடியது தண்டனை. மின்சாரக் கட்டணம் பாக்கியா? அது கடன், குற்றமன்று. தண்ணீர்க் கட்டணம் பாக்கியா? அதுவும் கடன், குடியிருக்கும் வீட்டின் குழாயை அதற்காக அடைக்கவும் கூடாது. ஆனால் உரிமமின்றித் தொலைக்காட்சி பார்ப்பது, 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆயிரம் பவுண்டு வரை தண்டம் விதிக்கத்தக்க குற்றம். அந்தக் குற்றத்துக்கு நேரடியாகச் சிறை இல்லை. தண்டத்தைக் கட்டாவிட்டால் சிறைக்கும் வழி திறந்திருக்கிறது. 2015 முதல் இத்தகைய வழக்குகளை ஒரே நடுவர், திறந்த மன்றமின்றி, தாள்களை மட்டும் பார்த்து முடித்துவிடவும் வழி செய்திருக்கிறார்கள். கடிதத்தைப் பிரித்துப் பார்க்க அஞ்சும் ஏழை, தன் வழக்கு முடிந்ததையே தண்டம் வந்த பிறகுதான் அறிகிறாள்.

அறிகிறாள் என்று பெண்பாலில் எழுதியது கைத்தவறன்று. 2017இல் இந்தக் குற்றம் சாட்டப்பட்டோரில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் பெண்கள்! அந்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்சிலும் பெண்கள்மீது தொடுக்கப்பட்ட எல்லாக் குற்ற வழக்குகளிலும் நூற்றுக்கு முப்பது இந்த ஒன்றுக்காகவே. ஆண்கள் மீதான வழக்குகளிலோ நூற்றுக்கு நான்குதான். பெண்கள் மட்டும்தானா தொலைக்காட்சி பார்க்கிறார்கள்? அல்ல. கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பவள் அவள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறப்பவள் அவள். வசூல் அலுவலர், மன்றத்தின் ஆணையின்றி உள்ளே நுழைய உரிமையற்றவர். அவருக்கு விடை சொல்லும் கடமையும் அவளுக்கில்லை. இதை அறிந்த படித்தவன் கதவைச் சாத்திக்கொள்கிறான். அறியாதவள் உண்மையைச் சொல்லிக் கையெழுத்தும் இடுகிறாள். நேர்மையாகப் பேசிய குற்றத்துக்கு அவளுக்குத் தண்டம்!

விலக விரும்புவோர் நிலை என்ன? நேரலையும் பார்ப்பதில்லை, பி.பி.சி.யின் ஐபிளேயரையும் தொடுவதில்லை என்போர்க்கு உரிமம் வேண்டியதில்லை; அது சட்டம் தந்த உரிமை. ஆயினும் உரிமம் இல்லாத வீட்டுக்குக் கடிதத்தின்மேல் கடிதம். விசாரணைக்கு ஆள் வருவார் என்ற எச்சரிக்கை. தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தவரும் சில காலம் கழித்து மறுபடி உறுதி கூறவேண்டும். செய்தித்தாள் வாங்காதவனிடம் சென்று, "ஏன் வாங்கவில்லை, நிரூபி" என்று எவரும் கேட்பதில்லை. வாங்காதிருப்பது உரிமையென்றால், அந்த உரிமையை ஐயத்தோடு பார்ப்பது ஆகாது.

"தண்டனை அச்சம் நீங்கினால் எவரும் கட்டமாட்டார், பி.பி.சி. வீழும்" என்று எச்சரிக்கின்றனர். இந்த வாதம் வென்றதால்தான், 2020இல் கருத்துக் கேட்கப்பட்ட குற்றநீக்கத் திட்டத்தை 2021 சனவரியில் அரசு ஒத்திவைத்தது. மின்சார நிறுவனங்களும் தண்ணீர் நிறுவனங்களும் குற்ற மன்றத்தின் துணையின்றிப் பாக்கியை வாங்குகின்றனவே! அஞ்சியவன் கொடுக்கும் பணத்தில்தான் ஒரு பொது அமைப்பு உயிர் வாழும் என்றால், குறை மக்களிடம் இல்லை. வாங்கும் முறையில் இருக்கிறது.

பி.பி.சி. ஒழியட்டும் என்பது நம் வாதமன்று. வணிகன் விளம்பரத்துக்கு அடிமையாகாமல், அறிவியலையும் செய்தியையும் அனைவர்க்கும் தரும் பொது அமைப்பு நாட்டுக்கு வேண்டும். தமிழர்க்கும் அந்தக் கடப்பாடு உண்டு. 1941இல் தொடங்கிப் பின்னர் தமிழோசை என்று பெயர் பெற்று, 2017 ஏப்ரல் வரை வானொலியில் ஒலித்த குரலை, போர்க்காலத்து ஈழத் தமிழர் செவி சாய்த்துக் கேட்டனர். அந்தக் குரலுக்குப் பிரிட்டன் அயலுறவுத் துறை அளித்துவந்த பணம் 2014இல் நின்றது. அதன்பின் உலகச் சேவையின் செலவில் பெரும்பங்கு உரிமக் கட்டணத்தின்மேல் விழுந்தது. அப்படியென்றால் இலண்டன் துப்புரவுத் தொழிலாளியின் பணத்திலும் நம் தமிழ் ஒலித்திருக்கிறது! அவளுக்கு நாம் பட்ட நன்றிக்கடன், அவள் பொருட்டுக் கேட்கச் சொல்கிறது.

"பணம் கட்டியவர்க்கு மட்டும் காட்சி என்று பூட்டிவிடலாமே" என்கின்றனர் சந்தைப் பித்தர். பூட்டினால் பணமுள்ளவனுக்குச் செய்தியும், இல்லாதவனுக்கு வதந்தியும் மிஞ்சும். "அரசே கருவூலத்திலிருந்து தரட்டுமே" என்கின்றனர் வேறு சிலர். கருவூலத்தின் சாவி அமைச்சர் இடுப்பிலே தொங்கினால் ஒலிபெருக்கியும் அங்கேயே தொங்கும். வெள்ளையர் 1933இல் செய்த சட்டத்தின்கீழ் நம் மக்களும் அஞ்சலகத்தில் வானொலிக் கட்டணம் செலுத்தினரே! பணம் கொடுத்தது மக்கள், குரல் அரசினுடையது. 1975இல் நெருக்கடி நிலை வந்தபோது அந்த வானொலி யாருக்கு வாய் ஆயிற்று என்பதை நாடு அறியும்.

வேறு வழி இல்லையா? கண்முன்னே இருக்கிறது. பின்லாந்து 2013இல் பெட்டிக் கட்டணத்தை விட்டு, வருமானத்துக்கேற்ற ஒலிபரப்பு வரிக்கு மாறியது. மிகக் குறைந்த வருமானத்தோர்க்கு விலக்கும் அளித்தது. சுவீடன் 2019இல் வரிக்குரிய வருமானத்தில் நூற்றுக்கு ஒன்று, அதற்கும் ஓர் உச்சவரம்பு என்று வகுத்தது. செருமனி வீட்டுக்கு ஒரே கட்டணம் என்றுதான் வாங்குகிறது. ஆயினும் அரசின் வாழ்க்கை உதவி பெறும் வறியோர்க்கு விலக்கு அளிக்கிறது. அங்கெல்லாம் ஒலிபரப்பு நின்றுவிடவில்லை. வானம் இடிந்து விழவுமில்லை!

பி.பி.சி.யின் இப்போதைய சாசனம் 2027 திசம்பர் 31 வரைக்குமே. புதிய சாசனம் எழுதும் பேனாவைப் பிடிப்போர், ஒலிபரப்புக் கட்டணத்தைக் குற்றச் சட்டத்திலிருந்து வெளியேற்றட்டும். இருப்பவனிடம் மிகுதியாகவும் இல்லாதவனிடம் இல்லாமலும் வாங்கட்டும். வாங்கிய பணம் அமைச்சரின் கைபடாமல், தன்னுரிமை கொண்ட பொதுக்குழுவிடம் சேரட்டும். பாராதவன் வீட்டுக் கதவைத் தட்டாதிருக்கட்டும். கோமான் தன் வலுவுக்குத் தக்கதைச் செலுத்துவதால் அவன் மாளிகையில் ஒரு விளக்கும் அணையாது. கூலிக்காரியின் பெயரோ குற்றவாளிப் பட்டியலிலிருந்து நீங்கும்.