மோட்டாரை மேலே தூக்குறதுக்கு முன்னாடி

நல்லூர்ல மல்லாட்டைக்கு விழுது இறங்குற நேரம். இப்ப மண்ணு காஞ்சா காய் பிடிக்காது. அன்னைக்குப் பார்த்து போர் மோட்டார் ஓடலை. பச்சை பட்டனை அழுத்தினா 'உம்'முனு ஒரு முனகல். உடனே ரிலே டிரிப் ஆகிடுது.

"காயில் போயிருக்கும் தம்பி, தூக்கிடலாம்"னாரு பக்கத்துக் கொல்லை அண்ணன். தூக்கினா ஆள் கூலி, காயில் கட்டுற செலவு, அதுவரைக்கும் தண்ணியும் இல்லை.

வீட்ல விளக்கு எரியுதே, கரண்ட் இருக்குன்னுதான் நானும் நினைச்சேன். ஆனா வீட்டு விளக்குக்கு ஒரு பேஸ் போதும், 230 வோல்ட். இந்த மோட்டாருக்கு மூணு பேஸும் வேணும், 415 வோல்ட். எலக்ட்ரீஷியன் டெஸ்ட் லேம்ப் வச்சுப் பார்த்தா, ஒரு பேஸ் செத்துக் கிடக்கு. டிரான்ஸ்பார்மர்ல ப்யூஸ் போயிருந்தது. லைன்மேன் வந்து போட்டாரு. தண்ணி கொட்டுச்சு.

ரெண்டு பேஸ்ல மோட்டாரைத் திரும்பத் திரும்பப் போட்டா, சுத்த முடியாம கரண்டை அதிகமா இழுத்து, நல்லா இருக்குற காயிலும் கருகிடும். அதனால என் கட்சி இதுதான்: முதல்ல லைன், ப்யூஸ், ஸ்டார்ட்டர், கேபிள் ஜாயிண்ட் பாருங்க. போருக்குள்ள கைவைக்கிறது கடைசியில.

பட்டணத்து நண்பர்கள் "உங்களுக்கென்னப்பா, இலவச கரண்ட்"ம்பாங்க. வாஸ்தவம், கரண்ட் பில் வர்றதில்லை. ஒரு பேஸ் இல்லாம வர்ற கரண்ட்டுக்கு நாங்க காயில் கட்டுற கடையில பில் கட்டுறோம். கொடுக்குறதை முழுசா கொடுங்கன்னு கேட்டா தப்பா?