பரங்கிப்பேட்டை: படைகள் இறங்கிய துறை

வரலாற்றுப் பாடநூல்கள் 'போர்ட்டோ நோவோ போர், 1781' என்னும் ஒற்றை வரியோடு கடந்து செல்லும் ஊர், வெள்ளாறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில் அமைந்த நம் பரங்கிப்பேட்டையே ஆகும். போர்த்துகீசியர் அதனைப் 'புதுத் துறைமுகம்' எனும் பொருளில் போர்ட்டோ நோவோ என்றனர். முஸ்லிம் வணிகர்களோ மஹ்மூது பந்தர் என்றனர். மூன்று பெயர் தாங்கிய ஊருக்கு நம் நூல்களில் ஒரு நாள் மட்டுமே வாய்த்திருப்பது முறையன்று என்பது நம் கருத்து.

அந்த ஒரு நாளையும் நாம் சரியாகப் படிக்கவில்லை. ஐதர் அலியின் குதிரைப்படை தென்னார்க்காட்டு நாட்டுப்புறத்தைத் தன் பிடியில் வைத்திருந்த வேளை அது. உள்நாட்டிலிருந்து ஒரு மூட்டை நெல்லும் பெற இயலாமல் ஆங்கிலத் தளபதி அயர் கூட் கடலூரில் தவித்தார். 1781 பிப்ரவரியில் கடற்கரையோரம் நின்ற பிரெஞ்சுக் கப்பற்படை கடல்வழியையும் அடைத்திருப்பின் அவர் கதை முடிந்திருக்கும். அதன் தலைவர் தோர்வ், ஐதர் வற்புறுத்தியும் கேளாமல் மொரீசியசுக்குத் திரும்பினார். ஐதரின் காவற்படை கோட்டையாக்கியிருந்த சிதம்பரம் கோயிலை ஜூன் 18 அன்று தாக்கித் தோற்ற கூட், பின்வாங்கிச் சேர்ந்த இடம் பரங்கிப்பேட்டை. ஏன்? அங்கேதான் சென்னையிலிருந்து கப்பலில் அரிசி வந்து இறங்கக்கூடும். ஜூலை 1 அன்று ஏறத்தாழ எட்டாயிரம் பேருடன் கடலூர்ச் சாலையில் அவர் பெற்ற வெற்றியை வாளின் வெற்றி என்பர். நாம் அதனை அரிசி மூட்டையின் வெற்றி என்போம்.

மறு ஆண்டே அத்துறை எதிர்த்தரப்புக்கும் வாயிலாயிற்று. 1782 மார்ச்சில் சுஃப்ரேன் கொணர்ந்த பிரெஞ்சுப் படை அங்கே இறங்கியது. திப்புவின் படையோடு சேர்ந்து ஏப்ரலில் கடலூரைக் கைப்பற்றியது. 1783 மார்ச்சில் புஸ்ஸியும் பரங்கிப்பேட்டையிலேயே கரையேறினார். அவ்வாண்டு ஜூனில் கடலூர் முற்றுகையில் நிலத்திலும், ஜூன் 20 அன்று கடலிலும் எண்ணற்றோர் மாண்டனர். ஐரோப்பாவில் சமாதான முன்னுடன்படிக்கை ஜனவரியிலேயே கையொப்பமாகிவிட்டது! செய்தி வந்து சேர ஜூன் இறுதி ஆயிற்று. அந்த ஐந்து மாத இடைவெளியில் இறந்தவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

பெரிய கப்பல்கள் கரையை அணுக இயலாத கடற்கரை இது. தொலைவில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து அலைகளைக் கடந்து வீரனையும் மூட்டையையும் கரைசேர்த்தவர்கள் நம் படகோட்டிகள். கூட்டின் பெயரும் சுஃப்ரேனின் பெயரும் நூல்களில் உள. துடுப்புப் பிடித்தவர் ஒருவர் பெயரும் இல்லை.

ஆயினும் அவ்வூர் தன் நினைவில் போற்றி வைத்தது தளபதியை அன்று, ஒரு கடலோடியை. 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச் சுவடி, அங்குள்ள மாலுமியார் தர்காவைக் குறிப்பிடுகிறது. பல கப்பல்களுக்கு உரியவரான அவர், அத்தனை கப்பல்களிலும் ஒரே நேரத்தில் காட்சி தந்தார் என்பது மக்கள் வழக்கு. பயணம் புறப்படுவோரும் நலமாய்த் திரும்புவோரும் அங்கே காணிக்கை இட்டுள்ளனர். 'மாலுமி' எனும் சொல்லே ஆசான் எனப் பொருள்படும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது. தமிழ்த்துறை மாணவர்க்கு இதனினும் நல்ல பாடம் வேறெங்கே கிடைக்கும்?

பழைய வீடுகள் இடிக்கப்படும்போது சரக்குக் கணக்கேடுகளும் அரபுத்தமிழ்க் கடிதங்களும் வேண்டாத தாளாய்ப் போகின்றன. ஊர்ப் பெரியோர் அவற்றை எடைக்குப் போடுமுன் ஒருமுறை நம் துறைக்குக் காட்டியருள வேண்டுகிறோம். பரங்கிப்பேட்டையிலிருந்தும் கிள்ளையிலிருந்தும் வரும் மாணவர்கள், காற்றுக்கும் நீரோட்டத்திற்கும் பாய்மரத்திற்கும் தம் பாட்டனார் வழங்கிய சொற்களைக் கேட்டு எழுதி வரட்டும். அடுத்த மலரில் அவற்றுக்குப் பக்கங்கள் ஒதுக்குவோம்.