எலிமினேட்டர் உறுமல்

பேட்டரியில் தெளிவாகப் பாடும் ரேடியோ, எலிமினேட்டரில் மாட்டியதும் உறுமினால் ரேடியோவைச் சந்தேகிக்க வேண்டாம். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நான்கு டயோடுகள் அதை டி.சி.யாக்கும்போது 100 ஹெர்ட்ஸ் அலை மிஞ்சுகிறது. காதில் விழுவது அதுதான்.

மருந்து மலிவு. பாசிட்டிவ் ஒயரில் 100 ஓம் ரெசிஸ்டர். அதைத் தாண்டி, நெகட்டிவுக்கு 1,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். அலை சுமார் 60-ல் ஒரு பங்காகச் சுருங்கும். ஆனால் சும்மா அல்ல. 10 மில்லி ஆம்பியர் ஓடினால் 1 வோல்ட் காலி. 100 என்றால் 10 வோல்ட்! 9 வோல்ட் எலிமினேட்டர் எங்கே போகும்? அங்கே வால்வு ரேடியோ காலத்துச் சோக்தான் கைகொடுக்கும்: டி.சி.யை விட்டுவிட்டு அலையை மட்டும் மறிக்கும். கனமும் விலையும்தான் அதன் குறை.

கெபாசிட்டர் 25 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். தலைகீழாக மாட்டினால் வெடிக்கும்.