பழைய டெஸ்க்டாப்புக்கும் இடம் வேண்டும்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 வசதி வேண்டும். இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அந்தத் தகுதி இல்லாத கணினிகளை வைத்திருக்கும் வீடுகள் ஜாசின் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்தே பல உண்டு. புதிதாக வாங்கிக்கொள் என்று சொல்வது சுலபம். இரண்டு பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியிலும் ஒரு பிள்ளை பொலிடெக்னிக்கிலும் படிக்கும் வீட்டில் அது அவ்வளவு சுலபமில்லை.

நான் உதவி செய்யும் மாலை நேர டியூஷன் வகுப்பில் ஆறு கணினிகள் இருக்கின்றன. ஓர் அலுவலகம் கழித்துக் கொடுத்தவை. நினைவகம் 4 ஜிபிதான். அவற்றில் லினக்ஸ் போட்டு, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்பை வைத்திருக்கிறோம். பெம்பானிலிருந்தும் மெர்லிமாவிலிருந்தும் வரும் மாணவர்கள் அதில்தான் கட்டுரை தட்டச்சு செய்கிறார்கள். மாட்டே, எல்எக்ஸ்க்யூடி போன்றவையும் இதே ரகம். பழைய கணினிக்கு இவைதான் உயிர்.

இந்த டெஸ்க்டாப்புகளின் காலுக்குக் கீழே இருக்கும் தரை இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

லினக்ஸில் திரையில் படம் வரைந்து காட்டும் வேலையை நெடுங்காலமாகச் செய்துவந்தது எக்ஸ் விண்டோ அமைப்பு. 1984இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பிறந்தது. இன்றும் புழங்கும் எக்ஸ்11 என்ற பதிப்பு 1987இல் வந்தது. உங்களில் பலருடைய அப்பா அம்மா அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பார்கள். அதன் பெரிய குறை பாதுகாப்பு. ஒரு செயலி மற்றொரு செயலியில் நீங்கள் தட்டும் எழுத்துகளை ஒட்டுக்கேட்க முடியும், திரையையே படம் பிடிக்க முடியும். வங்கிக் கடவுச்சொல் தட்டும் காலத்தில் இது விளையாட்டல்ல.

அதற்கு மாற்றாக கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் என்பவர் 2008இல் தொடங்கியது வேலேண்ட். இதில் ஒரு செயலி இன்னொன்றை எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் இன்னொரு மாற்றமும் கூடவே வந்தது. எக்ஸில் திரையைக் காட்டும் நிரல் வேறு, சாளரங்களை நகர்த்தி ஒழுங்குபடுத்தும் நிரல் வேறு. வேலேண்டில் இரண்டும் சேர்ந்து கம்பாசிட்டர் என்ற ஒரே நிரலாகிவிட்டன. ஆகவே எக்ஸ்எஃப்சிஇ தன் பழைய சாளர நிரலை அப்படியே தூக்கிக்கொண்டு புது வீட்டுக்குப் போக முடியாது. புதிதாக எழுத வேண்டும், அல்லது வேறு ஒருவருடைய கம்பாசிட்டரை ஒட்டிக்கொள்ள வேண்டும். பெரிய நிறுவனங்களின் துணையுள்ள க்னோம் அதைச் செய்து முடித்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்கள் நடத்தும் சிறிய திட்டங்கள் பின்தங்கின. 2024 டிசம்பரில் வந்த எக்ஸ்எஃப்சிஇ 4.20இல்தான் வேலேண்ட் ஆதரவு சோதனை அளவில் எட்டிப் பார்த்தது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10 தன் க்னோம் டெஸ்க்டாப்பிலிருந்து எக்ஸ் வழியை எடுத்தேவிட்டது.

எக்ஸ்வேலேண்ட் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். பழைய செயலிகளை வேலேண்டுக்குள் ஓட்டும் பாலம் அது. ஆனால் சாதாரணமாக அது தனித்தனிச் செயலிகளுக்கான பாலம். முழு டெஸ்க்டாப்பும் அதன்மேல் நடந்து வராது.

இந்த இடத்தில்தான் 2025இல் தொடங்கிய வேபேக் என்ற திட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆரியட்னி கோனில் என்ற நிரலாளர் தொடங்கியது. யோசனை எளிமையானது: மிகச் சிறிய ஒரு வேலேண்ட் கம்பாசிட்டர், அதன்மேல் எக்ஸ்வேலேண்டை முழுத்திரையாக விரிப்பது, அதற்குள் பழைய டெஸ்க்டாப்பை எந்த மாற்றமும் இல்லாமல் ஓடவிடுவது. வன்பொருளோடு பேசும் பழைய எக்ஸ் சேவையகத்தை இனி யாரும் பராமரிக்கத் தேவையில்லை. டெஸ்க்டாப்போ தன் பாட்டுக்கு இருக்கும். இதில் உள்ளே இருக்கும் செயலிகள் ஒன்றையொன்று ஒட்டுக்கேட்கும் பழைய குறை தீராது. இன்னும் முதிராத திட்டமும்கூட. ஆனாலும் திசை சரி.

மற்றொரு வழியை ராஸ்பெரி பை காட்டியது. பள்ளியில் அந்தச் சிறு கணினியைத் தொட்டவர்களுக்குத் தெரியும், அதன் டெஸ்க்டாப் பழைய எல்எக்ஸ்டிஇ-யிலிருந்து வளர்ந்தது. 2023 அக்டோபரில் பை 4, பை 5 ஆகியவற்றை மட்டும் வேஃபயர் என்ற கம்பாசிட்டருக்கு மாற்றினார்கள். பழைய பைகளை அவசரப்பட்டுத் தள்ளிவிடவில்லை. அவை எக்ஸிலேயே தொடர்ந்தன. ஓராண்டு கழித்து, 2024 அக்டோபரில், லாப்டபிள்யூசி என்ற இலகுவான கம்பாசிட்டருக்கு எல்லா மாடல்களும் வந்து சேர்ந்தன. மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் திரையில் பெரிய வித்தியாசமே தெரியாது. இப்படித்தான் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, மாற்று வீடு தந்துவிட்டு லயத்தை உடையுங்கள் என்றுதானே நம் பெரியவர்கள் கேட்டார்கள்? அது அதிகப்படியான கோரிக்கை அல்ல.

நமக்கென்று இதில் ஒரு தனிப் பிரச்சினையும் உண்டு: தமிழ் தட்டச்சு. விசைக்கு ஓர் எழுத்து என்ற நேரடி விசைப்பலகை இரண்டு அமைப்புகளிலும் ஓடும். ஆனால் தமிழ்99இல் ககரத்தை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழ வேண்டும். ஒலிபெயர்ப்பு முறையில் ஆங்கில எழுத்துகளில் தட்டினால் 'அம்மா' வர வேண்டும். நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் பழகிய கைகளுக்கு இது இல்லாமல் முடியாது. இதற்கு ஐபஸ், எஃப்சிஐடிஎக்ஸ் போன்ற உள்ளீட்டு நிரல்கள் வேண்டும். வேலேண்டில் அவை கம்பாசிட்டர் வழியாகத்தான் பேச முடியும். ஒவ்வொரு கம்பாசிட்டரும் ஒவ்வொரு விதம். க்னோமில் சரியாக வருவது இன்னொன்றில் வராமல் போகலாம். சீன, ஜப்பானிய மொழிகளுக்குச் சோதித்துப் பார்க்கப் பெரும் பயனர் கூட்டம் இருக்கிறது. தமிழுக்கு யார் பார்ப்பார்கள்? யாராவது ஒருவர் உட்கார்ந்து தட்டிப் பார்த்து, இந்த இடத்தில் புள்ளி விழவில்லை என்று எழுதிப் போடாவிட்டால் அந்தப் பிழை அப்படியே கிடக்கும்.

எக்ஸை என்றென்றும் காப்பாற்ற வேண்டும் என்று கொடி பிடிப்பவர்களோடு நான் சேரவில்லை. வேலேண்டுக்குப் போகத்தான் வேண்டும். நேரமும் இருக்கிறது: 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் எக்ஸ் இன்னும் உண்டு, அதற்கு நீண்டகால ஆதரவு 2030 வரை கிடைக்கும். இன்று படிவம் நான்கில் இருப்பவர் பட்டப்படிப்பின் நடுவில் இருக்கும் காலம் அது.

பொலிடெக்னிக்கில் இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்பு தேடும் மாணவர்களிடம் நான் கேட்பது இது. எக்ஸ்எஃப்சிஇ 4.20ஐ லாப்டபிள்யூசியோடு ஒரு பழைய கணினியில் நிறுவுங்கள். லிப்ரே ஆபிஸ், உலாவி, முனையம் மூன்றிலும் தமிழ்99இல் ஒரு பக்கம் தட்டுங்கள். அதே பக்கத்தை வேபேக்கில் தட்டுங்கள். எங்கே எழுத்து உடைகிறது, நினைவகம் எவ்வளவு போகிறது என்று குறித்து, அந்தந்தத் திட்டத்தின் பிழைப்பதிவில் ஆங்கிலத்தில் எழுதிப் போடுங்கள். இதற்கு நிரல் எழுதக்கூடத் தெரிய வேண்டியதில்லை. தமிழ் சரியாகத் தெரிந்தால் போதும்.