உடற்காவலணுவும் ஊரை ஏய்க்கும் கலப்புமொழியும்

தமிழில் பாட்டெழுதலாம், மேடையேறி முழங்கலாம், ஆனால், மாந்த உடலின் காவலணுக்கள் எவ்வாறு தோன்றி வளர்கின்றன, அயற்பொருளைப் பற்றும் தம் ஏற்பிகளை எவ்வாறு ஆக்கிக்கொள்கின்றன என்பதைமட்டும் தமிழில் சொல்ல வராதாம்! இவ்வாறு ஒரு கூட்டம் நெடுங்காலமாகப் பறைசாற்றித் திரிகின்றது. அக்கூட்டத்துள் ஆங்கிலவழிப் பட்டம் பெற்ற மருத்துவர் உளர். கலப்புத்தமிழ் எழுதிப் பிழைக்கும் இதழாளர் உளர். தம் பிள்ளைக்குத் தமிழில் நூறுவரை எண்ணத் தெரியாதென்று பெருமையடித்துக்கொள்ளும் பெற்றோரும் உளர். "பி செல் போன் மேரோவிலும், டி செல் தைமசிலும் மெச்சூர் ஆகும்" என்று எழுதிவிட்டு, இதுவே அறிவியல் தமிழ் என்பர். இத்தொடரில் தமிழாக எஞ்சி நிற்பவை ஓர் உருபும், ஓர் உம்மும், ஓர் ‘ஆகும்’ என்பதுமே. தமிழில் ‘செல்’ என்றால் கறையான் என்பதையேனும் இவர்கள் அறிவார்களா? அரிப்பதில் இரண்டும் ஒன்றுதான்!

ஆங்கிலச் சொற்கள் வானத்தினின்று இறங்கி வந்தவை அல்ல. ‘இம்யூனிட்டி’ என்பதற்கு அடியான இலத்தீன் சொல், வரியும் ஊர்ப்பணியும் நீங்கப்பெற்றவனைக் குறித்தது. நம் சோழர் கல்வெட்டுகளில் காணும் ‘இறையிலி’ என்னும் சொல்லுக்கு நெருங்கிய உறவு அது! வரி நீங்கியவனுக்கு இட்ட பெயரை மேலையர் நோய் நீங்கியவனுக்கு ஆக்கிக்கொண்டனர், எவரும் நகைக்கவில்லை. 1665-இல் இராபர்ட்டு ஊக்கு, தக்கைச் சீவலை உருப்பெருக்கியில் கண்டு ‘சிற்றறை’ என்று எழுதியதே ‘செல்’ ஆயிற்று. ‘ஆன்டிபாடி’ என்பதோ, செருமானிய அறிஞர் பவுல் எர்லிக்கு 1891-இல் ஆண்ட செருமன் சொல்லின் நேர்பெயர்ப்பு. ஆங்கிலேயன் பெயர்த்தால் அறிவியல். தமிழன் ‘எதிர்ப்பொருள்’ என்று பெயர்த்தால் மொழிவெறியா?

‘பி’ என்னும் எழுத்தின் பிறப்பைக் கேளுங்கள். கோழியின் கழிவாயருகே ஒரு சிறு பை உண்டு. அதை நீக்கப்பெற்ற கோழிகள் எதிர்ப்பொருளை ஆக்கமாட்டாமையை 1956-இல் புருசு கிளிக்கும் அவருடன் ஆய்ந்தோரும் வெளியிட்டனர். அப்பையின் இலத்தீன் பெயரில் முதலெழுத்து ‘பி’. மாந்தனுக்கு அப்பையே இல்லை! ஆயினும், நம் உடலணுவுக்குக் கோழிப்பையின் தலையெழுத்தைச் சூட்டி, அதைத் தொட்டால் அறிவியல் கெட்டுவிடும் என்கின்றனர். எலும்பினுள்ளே இருக்கும் மென்சோற்றில் (மச்சை என வடசொல்லால் வழங்குவது) முதிர்வதனால் நாம் அதனை ‘என்பணு’ என்போம். நெஞ்செலும்பின் பின்னே, நெஞ்சாங்குலைக்கு மேலே அமைந்த தைமசுச் சுரப்பியை நெஞ்சகச் சுரப்பி என்போம்; அங்கு முதிர்வது ‘நெஞ்சணு’. பிறந்த சுண்டெலியினின்று அச்சுரப்பியை நீக்கினால் அதன் காவலே குலைகின்றது என்பதை 1961-இல் யாக்கு மில்லர் காட்டினார்.

இனிக் கருப்பொருளுக்கு வருவோம். இருவகை அணுக்களும் எலும்புச்சோற்றின் தாயணுக்களிலிருந்தே பிறக்கின்றன. ஒவ்வோர் அணுவின் புறத்தும், அயற்பொருளைப் பற்றும் ஏற்பிகள் முளைக்கின்றன. ஓர் அணுவின் ஏற்பிகள் எல்லாம் ஒரே வடிவின. என்பணு தன் ஏற்பியையே பின்னர் எதிர்ப்பொருளாகக் குருதியில் விடுகின்றது. இங்கே ஒரு முடிச்சு. மாந்தனின் மரபிழையில் புரதம் ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 மட்டுமே. ஏற்பி வடிவங்களோ கோடிக்கணக்கின. சிறு முதலில் இப்பெருஞ்செல்வம் எங்ஙனம் விளைந்தது?

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் இருந்து ஆய்ந்த சப்பானியர் சுசுமு தோனேகவா, நொபுமிச்சி ஒசூமியுடன் சேர்ந்து 1976-இல் முடிச்சை அவிழ்த்தார். கருநிலை எலியின் அணுக்களில் தொலைவில் பிரிந்து கிடந்த மரபிழைத் துண்டுகள், எதிர்ப்பொருளை ஆக்கும் அணுவில் நெருங்கிவந்து ஒட்டிக் கிடந்தன! முழு மரபணுவாக ஏதும் வழிவழி வருவதில்லை, துண்டுகளே வருகின்றன. ஒவ்வொரு காவலணுவும் தனக்கென வெட்டி ஒட்டிக்கொள்கின்றது.

எதிர்ப்பொருளில் பெருந்தொடர், சிறுதொடர் என இருவகைப் புரதத் தொடர்கள் உள்ளன. பெருந்தொடரின் பற்றுமுனைக்கு மாறுதுண்டு, வேறுதுண்டு, சேர்துண்டு என மூன்று வேண்டும். மாந்தனிடம் செயற்படுவன ஏறத்தாழ 40 மாறுதுண்டுகள், 23 வேறுதுண்டுகள், 6 சேர்துண்டுகள். பெருக்கினால் 5,520. சிறுதொடருக்கு வேறுதுண்டு இல்லை. அங்கு ஏறத்தாழ 320 சேர்க்கைகள். இரண்டையும் பெருக்கினால் 17 இலக்கத்துக்கு மேல்! தனித்தனியே எண்ணினால் இருநூற்றுக்கும் குறைந்த துண்டுகளின் விளைவு இது.

வெட்டுவன இரு புரதங்கள். 1989-இலும் 1990-இலும் தேவிடு பால்டிமோரின் ஆய்வகத்தில் தேவிடு சாட்சும் மார்சரி ஓட்டிங்கரும் அவற்றின் மரபணுக்களைக் கண்டுபிடித்தனர். அவற்றுள் ஒன்று பழுதுற்றுப் பிறக்கும் குழந்தைக்கு என்பணுவும் இல்லை, நெஞ்சணுவும் இல்லை. எளிய தொற்றும் உயிரைக் குடிக்கும். துண்டின் ஓரத்தில் ஏழெழுத்து, ஒன்பதெழுத்து என இரு குறிகள் உள்ளன. அவற்றினிடையே 12 எழுத்தேனும் 23 எழுத்தேனும் இடைவெளி உண்டு. பன்னிரண்டு இருபத்துமூன்றோடுதான் புணரும், தன்னினத்தோடு புணராது. புணரும் வாயில் சில எழுத்துகள் உதிர்கின்றன. வேறோர் நொதி வந்து புதிய எழுத்துகளைச் சேர்க்கின்றது. அதனால் அந்தப் பதினேழு இலக்கம் பன்மடங்காகப் பெருகுகின்றது. தோன்றல், கெடுதல்! நன்னூல் படித்த பள்ளிப்பிள்ளைக்கு இது புதிதா? மூன்றாவதான திரிதலும் உண்டு; அது என்பணு பகையைக் கண்டபின் நிகழ்வது. இவ்வளவு அணுக்கமான சொற்கள் வீட்டில் இருக்க, ‘ரீகாம்பினேசன்’ என்று நாக்குப் புரள்வானேன்?

ஆனால் புணர்ச்சி எல்லாம் பொருள்தருவதில்லை. மரபிழை மும்மூன்று எழுத்தாகவே படிக்கப்பெறும். ஆகவே மூன்றில் இரண்டு இணைப்புகள் பிழைபட்டுப் பொருளற்றுப் போகின்றன. பிழையைத் திருத்திக்கொள்ள இயலாத அணு மடிகின்றது. பிழையின்றி அமைந்த ஏற்பியும் பகையைத்தான் பற்றும் என்பது உறுதியில்லை. தன் உடலையே பற்றலாம். நெஞ்சகச் சுரப்பியில் இதற்கெனக் கடுந்தேர்வு நடக்கின்றது. உடலின் அடையாளப் புரதங்களைச் சிறிதும் உணராத நெஞ்சணு மடியும். தன்னுடலை இறுகப் பற்றுவதும் பெரும்பாலும் மடியும். கணையத்தின் புரதமும் கண்ணின் புரதமும் அங்கேயே சிறிதளவு ஆக்கிக் காட்டப்பெறுகின்றன என்பது வியப்பினும் வியப்பு. நுழைந்தவற்றுள் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் உயிரோடு வெளிவருவதில்லை.

இதைத் தமிழர் அறியாதிருப்பதனால் யாருக்கு ஊதியம்? 2020-இல் கொரோனாத் தொற்று பரவியபோது பார்த்தோமே! ‘இம்யூனிட்டி பூசுட்டர்’ என்று பெயரெழுதிய பொடியும் குளிகையும் கடைதோறும் குவிந்தன. ஆங்கிலப் பெயர் இருந்ததனால் எவரும் கேள்வி கேட்கவில்லை. காவலணுவின் பிறப்பறிந்தவன், "எந்த அணுவை, எந்த ஏற்பியை இது பெருக்குகின்றது?" என்று கேட்டிருப்பான். எல்லாவற்றையும் பெருக்குவதாயின், தேர்வில் தப்பித் தன்னுடலையே தாக்கும் அணுவும் பெருகுமே! முதல்வகை நீரிழிவில் கணையத்தின் இன்சுலின் அணுக்களை அழிப்பவை அத்தகைய நெஞ்சணுக்களே. தடுப்பூசி செய்வது வேறு: பகையின் உருவைக் காட்டி, அதற்குப் பொருந்தும் ஏற்பியுள்ள அணுக்களை மட்டும் தெரிந்து பெருக்குகின்றது. இவ்வேறுபாட்டை ஒரு தாய்க்குத் தமிழில் சொல்லாத மருத்துவன், அவளைப் பொடி விற்பவனிடம் ஒப்படைக்கின்றான் என்றே சொல்வேன்.

தோனேகவா 1987-இல் நோபெல் பரிசு பெற்றவர். அவர் கியோத்தோப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்றது சப்பானிய மண்ணில், சப்பானிய மொழியில். அவர் நாட்டார் காவலாற்றலைக் ‘கொள்ளைநோய் விலக்கு’ என்று பொருள்படும் தம் சொல்லாலும், மரபணுவையும் தம் சொல்லாலுமே குறிக்கின்றனர். அதன்பின் அவர் அமெரிக்கா சென்று ஆங்கிலத்தில் ஆய்ந்தார், இழுக்கில்லை. அடித்தளம் தாய்மொழி. நம் மருத்துவக் கல்லூரிகளிலோ இன்றும் ஆங்கிலமே கோலோச்சுகின்றது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில், 1884-இல் மறைந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன், மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மாணவர்க்குக் கற்பித்தார். அவர் சொற்களில் வடமொழி மிகுதிதான். ஆயினும் அயலான் ஒருவன் அன்றே செய்ததை நம்மவர் இன்றும் முடியாதென்கின்றனர்.

நம் பக்கத்தாரையும் ஒன்று கேட்க வேண்டும். ‘உயிரணு’வா, ‘கண்ணறை’யா என்று ஆண்டுக்கணக்கில் சொற்போர் ஆடுகின்றோமே, இச்சொற்களை வைத்துக் காவலணுவைப் பற்றி எத்தனை நூல் எழுதினோம்? சொற்பட்டியல் பெட்டியில் உறங்குகின்றது. ‘என்பணு’ பிடிக்கவில்லையெனில் வேறொன்றை ஆளுங்கள். ஆண்டு ஒரு பக்கமேனும் எழுதுங்கள். பகையைக் கண்டபின் என்பணுவின் எழுத்துகள் திரிந்து, அதன் ஏற்பி எவ்வாறு மேலும் கூர்மையடைகின்றது என்பது இங்கு எழுதப்படாமல் நிற்கின்றது. மருத்துவம் பயிலும் தமிழிளைஞர் ஒருவர் அதனை எழுதி விடுக்கட்டும். அடுத்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கின்றோம்.