மூடிய சாலையும் திறந்த சாலையும்



சாரல் பருவம் தொடங்கிவிட்டால் தென்காசியில் வாழும் நமக்கு இரவும் பகலும் ஒன்றாகிவிடுகின்றன. மலையில் மேகம் கவிந்து, பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீர் பெருகியது என்ற செய்தி பரவியதும், புளியரை வழியே கேரளத்திலிருந்தும், மதுரைச் சாலை வழியே வடக்கிலிருந்தும் வண்டிகள் வந்து குவிகின்றன. நள்ளிரவிலும் அருவியில் குளிப்போர் உண்டு. ஆகவே மேலகரம், நன்னகரம், காசிமேஜர்புரம் என்று நீளும் குற்றாலச் சாலைக்கு அந்நாட்களில் உறக்கமே இல்லை. ஆயினும் நமக்கு அச்சம் தருவது அந்தக் கூட்டம் அன்று. கூட்டம் ஓய்ந்த பின், பின்னிரவு இரண்டு மணி, மூன்று மணி அளவில், நனைந்த சாலையில் இரண்டு கார்கள் ஒன்றையொன்று துரத்திச் செல்லும் ஓசையே நம்மை அச்சுறுத்துகிறது. படுக்கையில் எழுந்து அமர்ந்து, அவ்வோசை தேய்ந்து மறையும் வரை காத்திருந்த இரவுகள் பல.

நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர். சிறுவயதிலிருந்து பாடகர் குழுவில் பாடியவர். நல்ல உழைப்பாளி, தகப்பனாருக்குச் சுமை குறைத்தவர். ஒரு ஞாயிறு மாலையில் தம் கைபேசியில் நமக்கு ஒரு படம் காட்டினார். மக்காவு நகரில் நடக்கும் கார்ப் பந்தயம் அது. நாம் வீதியில் அன்றாடம் காணும் வகைக் கார்களே, கூரையும் கதவுகளும் உடையனவாய், வீடுகளுக்கும் மதில்களுக்கும் இடையே அம்பு போல் பாய்ந்தன. "பாருங்க ஃபாதர், இதுவும் தெருதான். நம்ம குற்றாலம் ரோட்டைவிடச் சின்னது" என்றார். அந்தச் சொல் நம் மனத்தில் தங்கிவிட்டது. அதில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மைதான் உண்டு.

மக்காவு நம் வாசகர்களுக்கு முற்றிலும் அயலான ஊர் அன்று. நமது முத்துக்குளித்துறையில் கால்நடையாக நடந்து ஞானஉபதேசம் போதித்த புனித சவேரியார் 1552-இல் உயிர்நீத்த சான்சியான் தீவு, அதே தென்சீனக் கடற்கரையை அடுத்ததே. போர்த்துக்கீசியர் 1999 வரை ஆண்ட அந்தச் சிறு நகரில், 1954-ஆம் ஆண்டு முதல் வீதிகளை மூடிக் கார்ப் பந்தயம் நடத்துகின்றனர். 1972 முதல் 'டூரிங் கார்' எனப்படும் வகைக்கென்று தனிப் பந்தயமும் அங்கு ஏற்பட்டது. அதற்குக் 'கியா பந்தயம்' என்று பெயர். நகரின் நடுவே உள்ள கியா குன்றை ஒட்டி ஓட்டப்பாதை செல்வதால் அப்பெயர். குன்றின் உச்சியில் ஒரு பழைய கோட்டை. கோட்டைக்குள் வழிகாட்டும் அன்னையின் சிற்றாலயம். போர்த்துக்கீசிய மொழியில் 'கியா' என்றால் வழிகாட்டுதல் என்பதே பொருள். அன்னையின் காலடியில் இத்தனை வேகமா என்று நாம் வியந்தோம். இளைஞர் அதைக் கேட்டுச் சிரித்தார்.

ஓட்டப்பாதை ஒரு சுற்றுக்கு 6 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதன் வளைவுகளின் பெயர்களைக் கேட்டால் பந்தயக் களம் என்றே தோன்றாது: மகப்பேறு வளைவு, மருத்துவமனை வளைவு, மீனவர் வளைவு, காவலர் வளைவு! மக்கள் பிறந்து, பிழைத்து, நோயுற்று வாழும் ஊர் அது என்பதை அப்பெயர்களே சொல்லுகின்றன. கடற்கரைப் பக்கம் பாதை அகலமாக நீண்டு செல்கிறது; குன்றின் பக்கம் ஏறியதும் ஒரு காரும் மற்றொரு காரும் உரசாமல் செல்லவொண்ணாத அளவுக்குக் குறுகிவிடுகிறது. அங்கே மெல்கோ என்னும் கொண்டையூசி வளைவு ஒன்று இருக்கிறது. அவ்விடத்தில் பந்தயம் முழுவதும் மஞ்சள் கொடி அசைந்துகொண்டே இருக்கும். மஞ்சள் கொடி என்றால் வேகம் தணிக்கவேண்டும், முந்துதல் கூடாது என்பது சட்டம். முந்துவதற்கென்றே கூடிய பந்தயத்தில், ஒருவரையொருவர் முந்தலாகாத ஓரிடம்! உலகம் போற்றும் ஓட்டுநர்களும் அங்கு வரிசையில் நின்று திரும்புவது போல் ஒருவர் பின் ஒருவராகத் திரும்புகின்றனர். இளைஞர் காட்டிய படத்தில் நாம் திரும்பவும் போடச் சொன்னது அந்தப் பகுதியைத்தான். அவருக்கோ அதுவே சுவையற்ற பகுதி.

அந்த இளைஞர் 2024-இல் சென்னை சென்று, தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுப் பந்தயத்தையும் நேரில் கண்டு வந்தார். அங்கு ஓடியவை டூரிங் கார்கள் அல்ல. சக்கரங்கள் வெளியே தெரியும், கூரையற்ற ஃபார்முலா கார்கள். எனினும் களம் வீதியே. சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம், கொடிமரச் சாலை என்று நம்மவர் பேருந்தில் கடக்கும் சாலைகளை இணைத்து 3.5 கிலோமீட்டர்ப் பாதை அமைத்திருந்தனர். முன்பெல்லாம் சென்னைக்காரர்கள் பந்தயம் காணச் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்துக்குச் செல்வர். பின்னர் 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே களம் உண்டாயிற்று. நகர வீதிக்குப் பந்தயம் வந்ததுதான் புதுமை. 2023 டிசம்பரிலேயே நடந்திருக்கவேண்டியது, மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் நடந்தது. பொதுப்பணம் பந்தயத்துக்கா என்ற வழக்கும் வாதமும் எழுந்தன. அதில் நமக்கும் கருத்து உண்டு; இங்கு அதற்கு இடமில்லை.

நாம் சொல்ல விரும்புவது வேறு. முதல்நாள் பிற்பகலில் எல்லாம் ஆயத்தமாக இருந்தும் கார்கள் ஓடவில்லை. பன்னாட்டு மோட்டார் வாகனக் கூட்டமைப்பின் பாதுகாப்புச் சான்றிதழ் கைக்கு வரவில்லை. அது வந்த பின்பே ஓட்டம் தொடங்கலாம் என்று உயர்நீதிமன்றமும் கூறியிருந்தது. சீட்டு வாங்கி வந்த மக்கள் பல மணி நேரம் காத்திருந்தனர். இரவில்தான் கார்கள் இறங்கின. மறுநாள் பாதைக்குள் நாய் ஒன்று புகுந்துவிட்டது. அதனை வெளியேற்றும் வரை பந்தயம் நின்றது. நம் இளைஞர் இவ்விரண்டையும் குறையாகவே சொன்னார். "அஞ்சு நிமிஷப் பந்தயத்துக்கு அஞ்சு மணி நேரம் காக்க வச்சுட்டாங்க ஃபாதர்" என்று சலித்துக்கொண்டார்.

டூரிங் கார் என்பது தோற்றத்தில்தான் நம் குடும்பக் கார். உள்ளே எட்டிப் பார்த்தால் பின்னிருக்கை இல்லை, மெத்தை இல்லை, பாட்டுப்பெட்டி இல்லை. ஓட்டுநர் ஒருவருக்கு மட்டுமே இருக்கை. அவரைச் சுற்றி எஃகுக் குழாய்களால் ஒரு கூண்டு. வண்டி உருண்டாலும் கூரை நசுங்காது. பல வார்கள் அவரை இருக்கையோடு பிணைக்கின்றன. தீப்பற்றாத உடை, தலைக்கவசம், கழுத்து முறியாதிருக்கத் தோளில் ஓர் அமைப்பு. ஓட்டுவதற்குத் தனி உரிமம். பாதையின் இருமருங்கும் தடுப்பு. வளைவுதோறும் கொடியேந்திய பணியாளர். மருத்துவரும் மீட்பு வண்டியும் இயந்திரத்தை அணைக்காத குறையாக ஆயத்தம். எல்லாரும் ஒரே திசையில் செல்கின்றனர். எதிரே எவரும் வருவதில்லை.

இவ்வளவு இருந்தும் சாவு விலகி நிற்பதில்லை. மக்காவில் 2012 நவம்பரில், அடுத்தடுத்த இரு நாட்களில் இருவர் மாண்டனர். ஒருவர் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர், மற்றவர் டூரிங் கார் ஓட்டியவர். தடுப்பே இல்லாத காலத்தில் நிலை இன்னும் கொடிது. இத்தாலியில் பிரெஸ்சியாவிலிருந்து ரோமாபுரி சென்று மீளும் 'ஆயிரம் மைல்' பந்தயம் ஊர்ச் சாலைகளிலேயே நடைபெற்று வந்தது. 1957 மே மாதம், குயிதிட்சோலோ என்னும் சிற்றூரின் அருகே ஒரு காரின் டயர் வெடித்தது. ஓட்டியவரும் உடனிருந்தவரும் மாண்டதோடு, சாலையோரம் வேடிக்கை பார்த்து நின்றவர்களில் ஒன்பது பேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் சிறுவர். அந்தப் பந்தயம் அத்தோடு நிறுத்தப்பட்டது. நமக்கு மிக அருகில், இலங்கையின் தியத்தலாவையில் 2024 ஏப்ரலில் நடந்த பந்தயத்திலும் கார் ஒன்று பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு பேரைக் கொன்றது. பந்தயத்தை மூடிய பாதைக்குள் அடைத்து வைக்க உலகம் கற்றுக்கொண்டது இப்படிப்பட்ட சவப்பெட்டிகளைச் சுமந்துதான்.

இனி நம் இளைஞரின் கதைக்கு வருவோம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்ட எதையும் நாம் எழுதுவதில்லை என்பதை வாசகர் அறிவர். இது அங்குக் கேட்டதன்று. எழுதுங்கள் என்று அவரே நம்மிடம் சொன்னார்.

சென்னையிலிருந்து திரும்பிய சில மாதங்களில் அவர் பழைய கார் ஒன்றை வாங்கினார். புகைக்குழாயை மாற்றி, வண்டியைத் தாழ்த்தி, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மந்திரிக்கக் கொண்டுவந்தார். நாம் தீர்த்தம் தெளித்தோம். புனித கிறிஸ்தோபர் சுரூபம் ஒன்றைக் கொடுத்தோம். அவர் அதனைக் கண்ணாடிக்கு முன்னே ஒட்டினார். முன்னிருக்கைகளின் பாதுகாப்பு வார்கள் புதிய இருக்கை உறைக்குள் மறைந்துகிடந்ததைக் கண்டோம். இயந்திரத்தை அவர் முடுக்கியபோது கோயில் மைதானமே அதிர்ந்தது. மறைக்கல்விப் பிள்ளைகள் கைகொட்டினர். நாமும் சிரித்தோம். ஒரு சொல்லும் சொல்லவில்லை. நல்ல நாளில் பிள்ளையின் மகிழ்ச்சியைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டோம்.

கடந்த சாரல் பருவத்தில் ஒரு நாள் விடியுமுன், உபதேசியார் நம் கதவைத் தட்டினார். வாசலில் அந்த இளைஞர் நின்றார். சட்டை முழுதும் மழை. நண்பரின் காரோடு குற்றாலத்திற்கு யார் முதலில் என்று ஓட்டியிருக்கிறார். எதிரே, பால் கேன்களைக் கட்டிய சைக்கிளில் ஒரு பெரியவர் வந்தார். பிரேக் போட்டும் நனைந்த சாலையில் கார் நிற்கவில்லை. இடித்தவர் இறங்கிப் பார்க்கவில்லை. அருவி வரை சென்று, சுற்றிக்கொண்டு நம்மிடம் வந்துவிட்டார். "அவர் உயிரோட இருக்காரான்னு தெரியல ஃபாதர்" என்றார். "ஜெபம் பண்ணுங்க" என்றார்.

நாம் ஜெபிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "முதல்ல அந்த இடத்துக்குப் போவோம் தம்பி" என்றோம். அவருடைய காரில் அன்று. உபதேசியாரின் ஸ்கூட்டரில் ஒருவர், ஆட்டோவில் ஒருவர். போய்ச் சேர்ந்தபோது பெரியவரை யாரோ மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றிருந்தனர். சாலையில் வளைந்த சைக்கிளும், மழைநீரோடு வெளுப்பாய் ஓடிய பாலும் மட்டும் இருந்தன. அங்கிருந்து மருத்துவமனை, அங்கிருந்து காவல் நிலையம். பொதுச் சாலையில் அரசின் எழுத்துமூலமான இசைவின்றிப் பந்தயம் ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு. இடித்தவர் அடிபட்டவருக்கு மருத்துவ உதவி செய்யவேண்டும் என்பதை 134-ஆம் பிரிவு தனியே சொல்கிறது. இவற்றை நாம் அறிந்துகொண்டது அன்று காலை, காவல் நிலையத்து விசிப்பலகையில் அமர்ந்திருந்தபோதுதான். அன்றைய காலைத் திருப்பலிக்கு நாம் செல்லவில்லை. காத்திருந்த பாட்டிமார்கள் செபமாலை சொல்லிவிட்டுப் போனார்களாம்.

பெரியவர் பிழைத்தார். இடக் காலில் தகடு வைத்திருக்கிறார்கள். நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். நாம் வார்டில் சென்று கண்டபோது நம் அங்கியைப் பார்த்து, "சாமி, அந்தப் பையன் உங்க ஆளா?" என்று கேட்டார். ஆம் என்றோம். "என் பின்னால லைட்டு இல்ல, முன்னாலயும் இல்ல. ஆனா நாப்பது வருஷமா அந்த ரோட்டுல அப்படித்தான் போறேன்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. நாப்பது ஆண்டுகளாக விடியுமுன் அச்சாலை அவருடையதாக இருந்திருக்கிறது. அதனை மூடும் அதிகாரத்தை அந்த இரு இளைஞருக்கும் யார் கொடுத்தார்கள்?

வழக்கு நடக்கிறது. இளைஞர் உழைத்துத் தகடுக்கும் மருந்துக்கும் பணம் கட்டுகிறார். பாடகர் குழுவுக்கு வருவதில்லை; கோயிலின் கடைசி வரிசையில் நிற்கிறார். காரைத் தகப்பனார் விற்றுவிட்டார். கிறிஸ்தோபர் சுரூபத்தைப் பெயர்த்தெடுத்து நம்மிடமே திருப்பித் தந்தார் அவர். நம் மேசை இழுப்பறையில் அது கிடக்கிறது.

இப்போதெல்லாம் வண்டியை மந்திரிக்கக் கொண்டுவருவோரை நாம் சற்றுக் காக்க வைக்கிறோம். முதலில் இருக்கையில் ஏறி அமர்ந்து வாரை இழுத்துப் பார்க்கிறோம். விளக்குகளைப் போடச் சொல்கிறோம். சைக்கிள் கொண்டுவருவோரிடம் பின்விளக்கு எங்கே என்று கேட்கிறோம். சிலருக்கு இது பிடிக்கவில்லை. சென்ற மாதம் ஒருவர், "மந்திரிக்கத்தானே வந்தேன், ஆர்.டி.ஓ. ஆபீசுக்கா வந்தேன்?" என்று உரக்கவே கேட்டுவிட்டார். அவருடைய வண்டியில் பின்னிருக்கை வார் மூன்றில் இரண்டைக் காணவில்லை. அதைப் பொருத்திக்கொண்டு அடுத்த ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறோம்.